ஒரு மெட்டு, இரண்டு பாட்டு

மில் சங்கு ஊதி எழுந்து, சங்கு ஊதிப் பள்ளிக்கூடம் போய், சங்கு ஊதிய பிறகு அம்மாவுக்காக வாசலில் காத்து நின்றவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். எழுபதைத் தாண்டிய உங்களிடம்தான் இதைச் சொல்ல முடிகிறது. என் பிள்ளைகளிடம் சொல்வதென்றால் முதலில் சங்கை விளக்க வேண்டும், பிறகு மில்லை விளக்க வேண்டும். அப்பாவிடம் வந்து சேர்வதற்குள் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

எங்களுடையது விக்கிரமசிங்கபுரம் போலப் பெரிய மில் ஊர் இல்லை. முக்கூடலுக்கு மேற்கே, ஆற்றை ஒட்டி ஒரு சின்ன நூல் மில், அதைச் சுற்றி நாலைந்து தெரு, அவ்வளவுதான். அம்மா மில்லில் நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பகுதியில் வேலை பார்த்தாள். தலைமுடியில் பஞ்சுத் தூசியோடு வீட்டுக்கு வருவாள். அப்பா நாடகங்களுக்கு மெட்டுப் போடுகிறவர்.

நாலாம் வகுப்பில் டீச்சர் எல்லாரிடமும் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார். "பாட்டுக்கு மெட்டுப் போடுதாரு" என்றேன். "அது சரி, வேலைக்கு எங்க போறாரு?" என்று மறுபடி கேட்டார். அப்பா எங்கேயும் போவதில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் ஆர்மோனியப் பெட்டியை வைத்துக்கொண்டு, ஒரு கையால் துருத்தியை அசைத்தபடி, மேற்கூரையில் ஓடும் பல்லியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது வேலையா இல்லையா என்று வீட்டிலேயே யாரும் எனக்குத் தெளிவாகச் சொன்னதில்லை.

அவருடைய வாழ்க்கையை வரிசையாகச் சொல்லவும் என்னால் முடியாது. ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். பாய்ஸ் நாடகக் கம்பெனியில் அவரை அவருடைய அப்பாவே கொண்டுபோய்ச் சேர்த்ததாக அம்மா சொல்வாள். அம்மாவின் தம்பியான என் மாமாவோ, அத்தான் வீட்டைவிட்டு ஓடிப்போய்ச் சேர்ந்தவர் என்பார். சின்ன வயதில் பிரகலாதனாகவும் பாலமுருகனாகவும் வேஷம் கட்டிப் பாடினார் என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை. ஒருநாள் மேடையில் பாதிப் பாட்டில் குரல் உடைந்துவிட்டது. சபை சிரித்திருக்கிறது. கீழே உட்கார்ந்திருந்த ஆர்மோனிய வாத்தியார் வேட்டியைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாராம். அங்கேயே பெட்டி வாசிக்கப் பழகி, வாத்தியார் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு சோகப் பாட்டுக்குத் தானே மெட்டுக் கட்டி, அது நன்றாக எடுபட்டுப் போகவே, கம்பெனிக்கு மெட்டுக்காரராகவே ஆகிவிட்டார். மதுரை, காரைக்குடி, கொழும்பு என்று சுற்றியிருக்கிறார். கொழும்பில் அவருக்குத் தங்க மெடல் போட்டார்கள் என்பது அம்மாவின் கட்சி. மெடல் ராஜபார்ட்டுக்காரருக்குப் போட்டது, அத்தான் பக்கத்தில் நின்றார் என்பது மாமாவின் கட்சி. மெடலை நான் பார்த்ததில்லை.

சினிமாக் கொட்டகைகள் வந்ததும் கம்பெனி கலைந்தது. அப்பா மெட்ராசுக்குப் போய்ச் சினிமாவில் முயற்சி பண்ணிவிட்டு ஒரு மழைக்காலத்தோடு திரும்பி வந்துவிட்டார். ஏன் வந்தீர்கள் என்று யார் கேட்டாலும் "அங்கன தண்ணி சரியில்ல" என்பார். அதன்பிறகு கோயில் கொடை நாடகம், பள்ளிக்கூட ஆண்டுவிழா, மில் ஆட்களின் நாடகம் என்று யார் கேட்டாலும் மெட்டுப் போட்டுக் கொடுத்தார். கேட்காத நாட்களிலும் பெட்டி முன்னால்தான் இருந்தார்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. காலையில் மில் சங்கு ஊதும்போது அதன் சத்தத்தோடு ஒட்டுகிற கட்டையை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொள்வார். சங்கு அடங்கிய பிறகும் பெட்டி அந்த ஒற்றை ஓசையைப் பிடித்துக்கொண்டிருக்கும். அங்கிருந்துதான் அன்றைய வாசிப்பு தொடங்கும். ஆர்மோனியத்துக்கு அதன் சுருதி உள்ளேயே இருக்கிறது, சங்கு எதற்கு என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அப்போது சங்கும் பெட்டியும் ஒரே சாமானின் இரண்டு பாதிகள் என்றே நினைத்திருந்தேன்.

நான் நாலாம் வகுப்புப் படித்த அந்த வருஷம் மில்லுக்கு ஆண்டுவிழா. மேனேஜர் ஆள் அனுப்பி அப்பாவை வரவழைத்து, நாடகம் ஒன்றுக்குப் பாட்டமைத்துத் தரச் சொன்னார். ஒரு ராசா வறண்ட நாட்டுக்கு ஆற்றைத் திருப்பிக் கொண்டுவருகிற கதை. ராசா என்றால் முதலாளி, ஆறு என்றால் மில் என்பது எங்களுக்கே புரிந்தது. கடைசியில் குழந்தைகள் சேர்ந்து பாடும் பாட்டுக்கு அப்பா பங்குனி முழுக்க உழைத்தார். "நீர் கொண்டு வந்த ராசா - எங்கள் நெஞ்சில் நிறைந்த ராசா" என்று தொடங்கும். ஏறுவது போலத் தொடங்கி, ஏறிய இடத்தில் நிற்காமல் சறுக்கி, சறுக்கிய இடத்திலேயே கொஞ்சம் ஊஞ்சலாடும் மெட்டு. மில் ஆபீஸ் ஆட்கள் குடியிருந்த ஸ்டாப் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளோடு நானும் அதைப் பாடிப் பழகினேன். எனக்குப் பக்கத்தில் நின்று பாடியது மேனேஜரின் கார் டிரைவர் மகள். அங்கே எங்களுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். அந்த வாசனையோடுதான் அந்தப் பாட்டு என் நினைவில் இருக்கிறது.

விழா நடக்கவில்லை. ஆனி மாதம் போனஸ் தகராறு முற்றி, மில் கேட்டை நிர்வாகத்தார் இழுத்துப் பூட்டிவிட்டார்கள். சங்கு நின்றது. அம்மா பகலில் வீட்டில் இருந்தாள். அதுவே எனக்கு விநோதமாக இருந்தது. மேற்கே மலையில் சாரல் பிடித்து, ஆற்றில் தண்ணீர் சிவந்து ஓடியது. மாமா மில்லில் ஸ்பின்னிங் பகுதிக்காரர், யூனியனில் முன்னால் நிற்பவர். கோயிலுக்கு எதிரே கஞ்சித்தொட்டி திறந்தார்கள். தட்டும் தூக்குச்சட்டியுமாக நாங்கள் அங்கே போய் வரிசையில் நின்றோம். எனக்கு அது கோயில் கொடை மாதிரி சந்தோஷமாக இருந்தது. அம்மா மட்டும் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு நிற்பாள்.

அந்தச் சமயத்தில்தான் மாமா வீட்டுக்கு வந்து, யூனியன் சார்பில் ஒரு நாடகம் போடப்போவதாகச் சொன்னார். பக்கத்து ஊர்களிலும் நடத்திக் கஞ்சித்தொட்டிக்கு அரிசி சேர்க்கிற ஏற்பாடு. கதையையும் பாட்டுக்கான வரிகளையும் மாமாவே எழுதிவிட்டார். அப்பா மெட்டு மட்டும் போட்டால் போதும். அப்பா உடனே சரி என்றார். ஆனால் மெட்டு வரவில்லை. காலையில் பெட்டியைத் திறப்பார், விரலைக் கட்டைமேல் வைப்பார், அமுக்காமல் எடுத்துவிடுவார். வாசலுக்குப் போய் மில் இருக்கும் திசையைப் பார்த்துவிட்டு வருவார். இப்படியே பல நாட்கள் போயின.

மாமா மறுபடி வந்து கேட்டபோது அப்பா சொன்னார்: "சங்கு ஊதட்டும்லே. அப்புறம் பாப்போம்."

மாமாவின் முகம் மாறிப்போனது. "என்ன அத்தான் சொல்லுதிய? சங்கு ஊதணும்னா நாங்க தோத்துப்போய் உள்ள போகணும். அதுக்கா காத்துக்கிட்டு இருக்கிய?"

"நான் அதச் சொல்லல" என்றார் அப்பா. வேறு எதைச் சொன்னார் என்று சொல்லவில்லை. அம்மா நடுவில் வந்து, அவுகளுக்கு மேலுக்குச் சரியில்லை, பைய முடிச்சுத் தருவாக என்று ஏதோ சொல்லித் தம்பியை அனுப்பிவைத்தாள். அன்றைக்கு மூன்று பேரில் ஒருவருக்காவது அப்பா சொன்னதன் அர்த்தம் புரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். அப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சில நாள் கழித்து அப்பா பெட்டியை எடுத்துக்கொண்டு யூனியன் கொட்டகைக்குப் போய் மெட்டைக் கொடுத்துவிட்டார். குழந்தைகள் கூட்டமாகப் பாட வேண்டிய பாட்டுக்கு என்னையும் சேர்த்தார்கள். "சோறு கொண்டு போன ராசா - எங்கள் சொல்லைக் கேளும் ராசா" என்று மாமா எழுதியிருந்தார். அப்பா வாசித்த முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்சம் வேகம் கூட்டியிருந்தார். மற்றபடி அதே ஏற்றம், அதே சறுக்கல், அதே ஊஞ்சல். மாமாவுக்குச் சங்கு சத்தத்துக்கும் நாதசுரத்துக்குமே வித்தியாசம் தெரியாது. ஸ்டாப் குவார்ட்டர்ஸ் ஒத்திகைக்கு வந்தவர்களில் என்னைத் தவிர யாரும் அங்கே இல்லை. எல்லாரும் தலையை ஆட்டி ரசித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். "எம்மா, இது அந்த ராசா பாட்டுல்லா?"

அம்மாவின் கை அப்படியே நின்றது. "வாய மூடுட்டி. யாருட்டயும் சொல்லப்படாது" என்றாள். அப்புறம் முன்னைவிட வேகமாக அரைத்தாள்.

அப்படியென்றால் அவளுக்கும் தெரியும். அப்பாவுக்குத் தெரியுமா? தெரிந்து செய்தாரா? என் வாயில் இரண்டு பாட்டும் ஒன்றாகக் கிடந்து புரண்டன. குளிக்கும்போது "நீர் கொண்டு போன ராசா" என்று வரும். சாப்பிடும்போது "சோறு கொண்டு வந்த ராசா" என்று வரும். நாம் எந்தக் கட்சி என்று அம்மாவிடம் ஒருநாள் கேட்டேவிட்டேன். "நாம சாப்புடுத கட்சி" என்றாள்.

நாடகம் ஒரு சனிக்கிழமை பொழுதுசாயத் தொடங்கியது. களத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துக் கட்டிய மேடை. சாரலுக்குத் தார்ப்பாய் பிடித்திருந்தார்கள். நனைந்த தார்ப்பாயின் நெடியும் பெட்ரோமாக்ஸ் விளக்கின் நெடியும் கலந்து தலைவலித்தது. ஊரே வந்திருந்தது. மில் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளும் யாருக்கும் சொல்லாமல் வந்து பின்னால் கல்மேல் ஏறி நின்றார்கள். டிரைவர் மகள் எனக்குக் கைகாட்டினாள். நாடகம் நன்றாகத்தான் போனது. மேஸ்திரி வேஷம் போட்டவரைப் பார்த்து ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கடைசிப் பாட்டுக்கு நாங்கள் வரிசையாக வந்து நின்றோம். அப்பா எடுத்துக் கொடுத்தார். முதல் வரி முடிந்ததும் பின்னாலிருந்து இன்னொரு கூட்டம் சேர்ந்து பாடுவது கேட்டது. குவார்ட்டர்ஸ் பிள்ளைகள்தான். அவர்களிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தெரிந்த பாட்டைக் கேட்டதும் பாடினார்கள், அவ்வளவுதான். நாங்கள் "சோறு கொண்டு போன ராசா" என்றால் அவர்கள் "நீர் கொண்டு வந்த ராசா" என்றார்கள். இரண்டும் அச்சாகப் பொருந்தின. முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு ஒருவர் எழுந்து நின்று பின்னால் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. நாங்கள் பாடுவதை நிறுத்திவிட்டோம். பின்னால் அவர்களும் நிறுத்திவிட்டார்கள். பெட்டி மட்டும் போய்க்கொண்டிருந்தது. அப்பா கண்களை மூடியிருந்தார்.

மாமா மேடைக்கு ஏறி வந்தார். குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"அத்தான், இது யாரு பாட்டு?"

அப்பா கண்ணைத் திறந்தார். "எம் பாட்டு" என்றார்.

"மேனேஜருக்குப் போட்டதா, எங்களுக்குப் போட்டதா?"

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அந்த முகம் எனக்கு இப்போதும் தெரிகிறது. "இது ஒண்ணுதாம்லே இருந்துது எங்கிட்ட" என்றார்.

கூட்டத்துக்கு அது திமிராகக் கேட்டது. மேனேஜர் சொல்லிக்கொடுத்து நம்மைக் கேலி பண்ண வந்திருக்கிறான் என்று ஒருவர் கத்தினார். எங்கிருந்தோ ஒரு சிரட்டை பறந்து வந்து பெட்டியின் பக்கவாட்டில் பட்டது. அப்போது அம்மா மேடைக்கு வந்தாள். கஞ்சி வரிசையில் தலையை மூடி நிற்பவள், அத்தனை பேர் முன்னால் முந்தானை விலகியதைக்கூடக் கவனிக்காமல் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். தம்பியைப் பார்க்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து, "வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றாள். அவர்கள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் பின்னாலேயே ஓடினேன். பெட்டி மேடையில் கிடந்தது. மறுநாள் மாமாவின் ஆள் ஒருவர் அதைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் போனார்.

அதன்பிறகு கஞ்சித்தொட்டியில் எங்களுக்குக் கஞ்சி கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. மேனேஜர் பக்கமிருந்து ஒரு பியூன் வந்து, முதலாளிக்காகப் போட்ட பாட்டை அவரைத் திட்டக் கொடுத்தவர் இனிமேல் குவார்ட்டர்ஸ் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரே பாட்டுக்காக இரண்டு கதவுகளும் அடைபட்டன. யாரை ஏமாற்றியதற்கு யார் கோபித்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா உள்நோக்கத்தோடு செய்தார் என்றுதான் இரண்டு பக்கமும் நம்பியது. அவருக்கு அந்த ஆடியில் வேறு மெட்டே வரவில்லை என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. மெட்டுக்காரருக்கு மெட்டு வராமல் போகும் என்பது எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றக்கூடிய விஷயமாக இல்லை.

ஆவணியில் சமாதானம் ஆகி மில் திறந்தது. முதல் நாளே உள்ளே எடுத்துக்கொண்டவர்களில் அம்மாவும் இருந்தாள். பாட்டுக்குக் கூலி என்று தெருவில் பேசினார்கள். மாமாதான் பேச்சுவார்த்தையில் அக்காவுக்காக விடாப்பிடியாக நின்றார் என்று பல வருஷம் கழித்து மாமாவின் மனைவியான அத்தை சொன்னாள். மாமாவிடம் கேட்டேன். "அதெல்லாம் இல்ல" என்றார். எது உண்மை என்று எனக்குத் தெரியாது.

அதைவிடக் குழப்பமான காரியம் அடுத்து நடந்தது. ஒருநாள் காலையில் அப்பா சட்டை போட்டுக்கொண்டு நேரே மாமா வீட்டுக்குப் போய், தனக்கும் மில்லில் ஒரு வேலை வேண்டும் என்று கேட்டார். அதுவரை முகம் கொடுத்துப் பேசாத மாமா, மறுபேச்சில்லாமல் அவரைக் கூட்டிக்கொண்டு போய்த் தன்னுடைய ஸ்பின்னிங் பகுதியிலேயே கழிவுப் பஞ்சைக் கூட்டி அள்ளுகிற வேலையில் சேர்த்துவிட்டார். பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. கொஞ்ச நாளில் துருத்தியை எலி கடித்துவிட்டது. பிறகு அம்மா அதைப் பஜனை மடத்துக்குக் கொடுத்துவிட்டாள்.

அம்மாதான் அவரை உள்ளே தள்ளினாள் என்று ஊர் சொன்னது. நானும் அதை நம்பி, அவள்மேல் வெகுகாலம் மனதுக்குள் கோபமாக இருந்தேன். தான் போகச் சொல்லவே இல்லை என்று அவள் சொன்னபோது, குற்றத்தை மறைக்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பத்தாம் வகுப்புப் படிக்கையில் ஒரு லீவு நாளன்று, சாப்பாட்டுக் கூடை தூக்குகிறவர் வராததால், அப்பாவின் தூக்குச்சட்டியை நானே எடுத்துக்கொண்டு போனேன். கேட்டில் இருந்த அண்ணாச்சி எங்களைத் தெரிந்தவர். ஸ்பின்னிங் கதவுவரை போய்க் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிட வேண்டும் என்று சொல்லி உள்ளே விட்டார்.

கதவைத் திறந்ததும் சத்தம் மேலே வந்து விழுந்தது. அது காதில் கேட்கிற சத்தமே இல்லை, நெஞ்செலும்பில் அடித்தது. அங்கே யாரும் வாயால் பேசிக்கொள்வதில்லை. உதடு அசைவதைப் பார்த்தும் கைச்சாடையிலுமே எல்லாவற்றையும் புரிந்துகொள்வார்கள். காற்றில் பஞ்சு பனிபோல மிதந்தது. கதவோரம் நின்ற மாமா என்னைக் கண்டு அருகில் வந்தார். அப்பா எங்கே என்று கையால் கேட்டேன். அவர் சுட்டிக் காட்டினார்.

இரண்டு மெஷின் வரிசைகளுக்கு நடுவில் அப்பா துடைப்பத்தோடு எங்களுக்குப் பக்கவாட்டாக முகம் தெரிய நின்றிருந்தார். அவர் பாடிக்கொண்டிருந்தார். முணுமுணுப்பு இல்லை. வாயை முழுக்கத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க, கடைசிப் பெஞ்சுக்காரனுக்கும் கேட்க வேண்டும் என்பதுபோல மேடைப் பாட்டு பாடினார். ஒரு கை துடைப்பத்தின்மேல் தாளம் போட்டது. அவர் குரலில் ஒரு இழைகூட எனக்குக் கேட்கவில்லை.

மாமா என் காதில் வாயை வைத்துக் கத்தினார். "தினமும் இப்பிடித்தாம் பாடுதாரு."

"என்ன பாட்டு?"

"யாருக்குத் தெரியும்? உதட்டப் பாத்தா வார்த்தையே இல்ல. வெறும் தன்னன்னாதான்."

அவருக்குப் பக்கத்து மெஷின்களில் நின்றவர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா மட்டும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அது வேறு என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பழைய மெட்டா, புதிதா, ஒரே பாட்டா, பல பாட்டா? கூப்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் தூக்குச்சட்டியின் சூடு கையில் ஏறும்வரை நானும் நின்றேன். பிறகு அதை மாமாவின் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அப்பா முற்றத்தில் உட்கார்ந்து புருவத்திலிருந்த பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது மந்தமாகத் தொடங்கியிருந்த காலம். பக்கத்தில் போய் உட்கார்ந்து, மில்லுக்குள்ளே என்ன பாடினீர்கள் என்று கேட்டேன். கேட்கவில்லை என்று நினைத்து, சத்தமாக இன்னொரு முறை கேட்டேன்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நானா? நான் பாடுனேனா?" என்றார்.

அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தேன். அவர் மறைப்பதாகத் தெரியவில்லை. உள்ளேயிருந்த அம்மா, காப்பி ஆறுது என்று கூப்பிட்டாள். அவர் எழுந்து போனார்.